பல் பதிந்த வானம்

எங்கள் சோதனைப் பக்கத்தில் எழுத்தே இருக்காது.
ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சாம்பல்,
ஜனவரியில் பாய்சி நகரத்தின் மேல்
வாரக்கணக்காக மூடிபோட்டு உட்காரும்
பனிமூட்டத்தின் நிறம்.
எழுத்து எந்தத் தவறையும் மறைத்துவிடும்.
சாம்பலில்தான் எந்திரம் பல்லிளிக்கும்.

இளித்தது.
மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வரிகள்,
கருத்து, வெளிறி, கருத்து,
சாய்த்துப் பிடித்தால் கார்டுராய் துணி.
மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
"ஒன்றும் தெரியவில்லையே" என்றார்.
திரும்பப் போட்டார்.
பிறகு பேசவில்லை.

மூன்று வாரம் தேடினேன்.
நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் முறை சுழலும்
அறுகோணக் கண்ணாடியின் மேல் முதலில் பழி போட்டேன்.
அது நிரபராதி.
மோட்டாரை மாற்றினேன், தாங்கியை மாற்றினேன்,
ஒரு ராத்திரி மேஜையையே மாற்றினேன்.
கடைசியில் உருளையின் முனையில்
வெள்ளை பிளாஸ்டிக் பற்சக்கரம்,
தொண்ணூற்றுநான்கு பல்.
ஒரு பல் விலகி அடுத்தது பிடிக்கும் நேரத்தில்
உருளை தயங்குகிறது.
தயங்கும் இடத்தில் லேசர் இழுக்கும் கோடுகள்
நெருங்கி விழுந்து கருக்கின்றன.

தயக்கம் இரண்டு மைக்ரான்கூட இல்லை.
என் தலைமுடி ஒன்றை நீளவாக்கில்
நாற்பதாகப் பிளந்தால் அதில் ஒரு கீற்று.
ஆனால் மனிதக் கண்,
கையில் பிடித்துப் படிக்கும் தூரத்தில்,
சரியாக அந்த மில்லிமீட்டர் இடைவெளியில்தான்
வேறெங்கும் இல்லாத கூர்மையோடு விழித்திருக்கிறது.
ஏன் அங்கே என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ட்வைட் லோஃப்கிரென், கட்டுப்பாட்டுப் பிரிவு,
பகலுணவைக் கரண்டியால் சுட்டிப் பேசுபவன், சொன்னான்:
தவறு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வருகிறது.
திரும்பத் திரும்ப வருவதை மனப்பாடம் செய்துவிடலாம்.
அச்சில் ஒரு குறியீட்டுத் தட்டு வை,
உருளை தயங்கும்போது ஒளியைக் குறைக்கிறேன்,
முந்தும்போது கூட்டுகிறேன்,
பல் பல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.
தட்டின் விலை இரண்டு டாலர் பத்து சென்ட்.
மேலாளர் அந்த எண்ணை வட்டமிட்டார்.
வட்டத்தின் குறுக்கே கோடு போட்டார்.

நான் செய்தது மலிவு.
பல்லை இரட்டிப்பாக்கினேன், சாய்வாக வெட்டச் சொன்னேன்.
வரிகள் அரை மில்லிமீட்டருக்கு நெருங்கின,
கண்ணுக்கு அக்கறை தீர்ந்துபோகும் இடத்துக்கு.
"கண்ணில் மண்ணைத் தூவுகிறாய், மைட்டே."
"மண்ணில்லை, டோனர்."
சிரித்தான்.
அளவுமானியில் இன்னும் துடித்துக்கொண்டிருந்த அலையை
அச்சிட்டு என் மேஜையில் ஒட்டிவிட்டுப் போனான்,
எங்கள் எந்திரத்திலேயே அச்சிட்டு.

ஏப்ரலில் பிளாஸ் மாமா இறந்தார்,
பாஸ்க் நாட்டிலிருந்து பதினெட்டு வயதில் வந்து
ஒவைஹீ மலைகளில் நாற்பது வருடம் ஆடு மேய்த்தவர்.
தேவாலயத்தில் மடித்த தாள் கொடுத்தார்கள்.
முன்பக்கத்தில் அவர், கூண்டு வண்டி, காது கிழிந்த நாய்,
மேலே பாதிப் பக்கம் வானம்.
மேகமில்லாத, ஒரே சாம்பலான வானம்.

கை தானாக ஜன்னல் பக்கம் சாய்த்தது.

இருந்தது.
பங்கு அலுவலகத்துப் பழைய மாடல்,
நான் திருத்துவதற்கு முன் விற்றது.
எங்கள் பல், அவர் தொப்பிக்கு மேலே.
அத்தை மகள் மிரென் என் முழங்கையைப் பிடித்தாள்,
அழுகிறேன் என்று நினைத்து.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
தொப்பியின் நுனியிலிருந்து மேல் ஓரம்வரை நாற்பத்தொன்று.
புது எந்திரமாயிருந்தால்
எண்பத்திரண்டு இருந்திருக்கும்,
எனக்கே தெரியாமல்.

திங்கட்கிழமை ட்வைட்டிடம் போனேன்.
அந்தத் தட்டு எவ்வளவுக்கு இறங்கும் என்று கேட்டேன்.
"எத்தனை ஆயிரம் வாங்குவாய், அதைப் பொறுத்து" என்றான்,
தலை நிமிராமல்,
காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளியபடி.